ஆசிரியர் பயிற்சிக் கூட்டணிக்கு அமெரிக்க அரசு தரும் கிராண்ட்: பணம் யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது?

2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித்துறை, 60 கோடி டாலருக்கும் மேலான ஆசிரியர் பயிற்சி மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்வதாக அறிவித்தது. செய்தி வந்ததும் வழக்கம்போல ஆளுக்கொரு வியாக்கியானம். நிறம் பார்த்து டீச்சர் வேலை கொடுக்க வைத்திருந்த பணம், போனால் போகட்டும் என்றார்கள் சிலர். ஏழை மாணவர்களின் ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே அரைகுறை. அது இட ஒதுக்கீடும் இல்லை, ஸ்காலர்ஷிப்பும் இல்லை. ஆனால் இரண்டின் சாயலும் அதில் கொஞ்சம் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இந்தக் கட்டுரை புதிதாக இதைக் கேள்விப்படுகிறவர்களுக்கு. சட்டப் பிரிவு எண்களுக்குள் போகப்போவதில்லை.

அங்கே ஒருவர் எப்படி டீச்சர் ஆகிறார்?

நம் ஊர் டி.ஆர்.பி. மாதிரி ஒரே வாரியம் தேர்வு வைத்து மாநிலம் முழுக்க ஆள் எடுக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. நாடு முழுக்கச் சுமார் 13,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள் இருக்கின்றன. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு ஊர் அல்லது வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம். பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு அதை நடத்தும். டீச்சரை வேலைக்கு எடுப்பது அந்த டிஸ்ட்ரிக்ட். உரிமம் தருவது மாநில அரசு. படிக்க வைப்பது கல்லூரி. மூன்றும் தனித்தனி வாசல்.

கல்லூரியில் கல்வியியல் படிப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் ஒரு பருவம் பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். நம் பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் போலத்தான், ஆனால் முழுநேரம். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் இல்லை. அந்தப் பருவத்துக்கான கல்லூரிக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

இது யாரைத் தடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நகரப் பள்ளியில் பத்து வருஷமாக உதவியாளராக வேலை செய்யும் பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், மணிக்கணக்கில் கூலி. அந்தத் தெருக் குழந்தைகள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பட்டத்தையும் மாலைக் கல்லூரியில் முடித்துவிட்டார். டீச்சர் ஆக அவருக்குக் குறுக்கே நிற்பது அந்த ஒரு பருவம் மட்டும்தான். சம்பளமில்லாமல் நான்கு மாதம் வீட்டு வாடகை யார் கட்டுவது? அப்பா அம்மா பணம் அனுப்பும் இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அவர் டீச்சர் ஆகிவிடுவார், இவர் உதவியாளராகவே இருந்துவிடுவார்.

இந்த முடிச்சு பிடிபட்டால் மீதிக் கட்டுரை எளிது.

கிராண்ட் என்றால் என்ன மாதிரிப் பணம்?

மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவில் ஒரு தோப்பு இருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. வெளியூரில் வசதியாக இருக்கும் பெரியப்பா, "கிணறு வெட்டப் பணம் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம்" என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மட்டும் வந்து கேட்டால் தரமாட்டேன். நான் எவ்வளவு போடுகிறேனோ அதே அளவு நீங்களும் போட வேண்டும். ரொக்கமாக இல்லையென்றால் ஆள், வண்டி, சாமான் என்று போடலாம். ஏற்கெனவே நீங்கள் செலவு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என் பணத்தை அந்த இடத்தில் வைக்கக் கூடாது. பில் காட்ட வேண்டும். இத்தனையும் ஒப்புக்கொண்டால்தான் பணம்.

அமெரிக்க மத்திய அரசின் கிராண்ட் இப்படித்தான். கடன் இல்லை, இனாமும் இல்லை. நிபந்தனையோடு வரும் பணம். இதில் இரண்டு வகை உண்டு. ஏழைக் குழந்தைகளின் எண்ணிக்கை போன்ற ஒரு கணக்கை வைத்துத் தானாகப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. விண்ணப்பம் போட்டு, வெளியாட்கள் படித்து மதிப்பெண் போட்டு, மேலே வந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது இன்னொன்று. நாம் பேசப்போவது இரண்டாவது வகை.

டி.கியூ.பி.: மூவர் கையெழுத்து

இந்த வரிசையில் பெயர்பெற்றது டீச்சர் குவாலிட்டி பார்ட்னர்ஷிப், சுருக்கமாக டி.கியூ.பி. 1965இன் உயர்கல்விச் சட்டத்தை 2008இல் திருத்தியபோது இப்போதைய வடிவம் பெற்றது. ஒரு கிராண்ட் ஐந்து வருஷம் வரை ஓடும்.

விண்ணப்பிக்கிறவர் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டணி. கூட்டணியில் யார் யார் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தேவை அதிகமுள்ள ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதன் கீழ் வரும் தேவை அதிகமுள்ள பள்ளிகள், ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரிக்குள்ளும் கல்வியியல் துறை மட்டும் வந்தால் போதாது. கணிதம், அறிவியல், வரலாறு சொல்லித்தரும் கலை அறிவியல் துறையும் சேர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்தமானது. கணக்கு டீச்சராகப் போகிறவருக்கு முதலில் கணக்கு நன்றாகத் தெரிய வேண்டாமா?

தேவை அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட் என்பதற்கும் அளவுகோல் உண்டு. குழந்தைகளில் குறைந்தது 20 சதவீதம் ஏழைக் குடும்பங்களிலிருந்து வர வேண்டும், அல்லது அப்படிப்பட்ட குழந்தைகள் 10,000 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கிராமப்புறப் பள்ளித் திட்டங்களுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதோடு, டீச்சர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருப்பது, தான் படிக்காத பாடத்தை நடத்துவது போன்ற சிக்கலும் இருக்க வேண்டும்.

பெரியப்பா கேட்ட சமபங்கு இங்கேயும் உண்டு. அரசு ஒரு டாலர் போட்டால், கூட்டணி மத்திய அரசுப் பணம் அல்லாத வேறு வழியில் ஒரு டாலர் போட வேண்டும். இதை மேட்சிங் என்பார்கள். பேராசிரியரின் நேரம், தள்ளுபடி செய்த கட்டணம், பள்ளி ஒதுக்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கில் காட்டலாம். ரொம்பக் கஷ்டம் என்றால் விலக்குக் கேட்கலாம். நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. கல்லூரிகள் கிராண்ட் பணத்தில் ஆபீஸ் செலவு பார்த்துவிடுகின்றன என்ற பேச்சு இந்தத் திட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கிராண்ட் போவது கூட்டணிக்கு. மாணவர் நேராக விண்ணப்பிக்க முடியாது. போடும் பணத்துக்குச் சமமாக உள்ளூரும் போட வேண்டும்.

அந்தப் பணம் வாங்கித் தருவது: சம்பளத்தோடு ஒரு வருஷம்

கூட்டணி இந்தப் பணத்தை இளங்கலைப் பயிற்சியைச் சீரமைக்கப் பயன்படுத்தலாம், அல்லது ரெசிடென்சி நடத்தலாம். பேச்சில் அடிபடுவதெல்லாம் ரெசிடென்சிதான், அதில் விஷயமும் இருக்கிறது.

டாக்டர்கள் படிப்பு முடிந்ததும் மூத்த டாக்டரின் கண்காணிப்பில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து பழகுகிறார்களே, அந்த முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததுதான் டீச்சர் ரெசிடென்சி. மத்திய அரசின் சட்டத்துக்கு முன்பே நகரங்கள் இதைத் தொடங்கிவிட்டன. 2001இல் சிகாகோ, 2003இல் பாஸ்டன், 2004இல் டென்வர்.

ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் சேர்கிறார். பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து வருஷக் கடைசி வரை ஒரே மூத்த டீச்சரின் வகுப்பறையில் இருப்பார். அந்த மூத்தவரை மென்டர் என்கிறார்கள். முதல் வாரங்களில் பின்னால் உட்கார்ந்து கவனிப்பது, வருகைப் பதிவு எடுப்பது, நான்கு பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்வது. அப்புறம் ஒரு பாடத்தில் பத்து நிமிஷம், அடுத்து ஒரு முழுப் பாடம், பிறகு ஒரு நாள். வசந்த காலம் வரும்போது வகுப்பு கிட்டத்தட்ட இவர் கையில் இருக்கும், மென்டர் பின் பெஞ்சில் இருப்பார். இதற்கு நடுவே மாலையிலோ வாரத்தில் ஒரு நாளிலோ கல்லூரி வகுப்பு. நேற்று அடங்காமல் போன வகுப்பைப் பற்றி இன்று பேராசிரியரிடம் கேட்கலாம். ஒரு பருவம் மட்டும் பள்ளியை எட்டிப் பார்த்துவிட்டு வருபவருக்கு, வருஷத் தொடக்கத்தில் ஒரு வகுப்பை எப்படிக் கட்டியெழுப்புகிறார்கள் என்று பார்க்கவே வாய்ப்பில்லாமல் போகலாம். அது மற்றவர் கட்டிவைத்த வகுப்பு.

டி.கியூ.பி. சட்டப்படி ரெசிடென்ட்டுக்கு அந்த ஒரு வருஷம் ஜீவனத்துக்கான தொகையோ சம்பளமோ கிடைக்கும். இதை ஸ்டைபெண்ட் என்பார்கள். 18 மாதத்துக்குள் முதுகலைப் பட்டமும் உரிமமும் பெற வழி செய்ய வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் குறைந்தது இரண்டு வருஷம் கூடவே ஆள் வைத்து உதவ வேண்டும்.

இதற்கு ரெசிடென்ட் கொடுக்கும் கைம்மாறு: பயிற்சி முடிந்த கையோடு தேவை அதிகமுள்ள பள்ளியில் மூன்று கல்வி ஆண்டுகள் முழுநேரம் வேலை. பாதியில் விட்டுப் போனால் வாங்கிய ஸ்டைபெண்ட்டை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். இலவசப் பணம் என்று சொல்கிறவர்கள் இந்த வரியைப் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

பலன் எப்படி? பாஸ்டன் ரெசிடென்சியைப் பற்றி 2012இல் வந்த ஆய்வு கொஞ்சம் கலவையான சித்திரம் தருகிறது. அங்கே பயின்றவர்கள் மற்ற புது டீச்சர்களைவிடப் பல இனத்தவர், கணக்கும் அறிவியலும் நடத்துவோர் அவர்களில் அதிகம், ஐந்தாம் வருஷமும் பாஸ்டனிலேயே இருப்பவர்கள் அதிகம். ஆனால் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் முதல் வருஷங்களில் இவர்களின் வகுப்புகள் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தன. நான்காம், ஐந்தாம் வருஷத்தில் முந்திவிட்டார்கள். டீச்சர் நிலைத்து நின்றால்தான் இந்த முறையின் லாபம் கைக்கு வரும். மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு நியாயம் இங்கே கிடைக்கிறது.

இதில் "பன்முகம்" எங்கே வருகிறது?

சண்டையெல்லாம் இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

2020–21 கணக்குப்படி அமெரிக்க அரசுப் பள்ளி டீச்சர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வெள்ளையர். மாணவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. டீச்சர்களில் கறுப்பினத்தவர் 6 சதவீதம், ஹிஸ்பானியர் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) 9 சதவீதம். மாணவர்களில் ஹிஸ்பானியர் மட்டுமே கால் பங்குக்கு மேல்.

இந்த இடைவெளி தானாக வந்ததில்லை. 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் தென் மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள், வேலை இழந்தவர்கள் அந்தப் பள்ளிகளின் டீச்சர்கள். 1954க்கும் 1965க்கும் இடையில் வேலை போன கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சுமார் 38,000 பேர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. ஒரு தலைமுறைக்கே டீச்சர் வேலை நமக்கில்லை என்று ஆகிவிட்டது.

சரி, டீச்சரின் நிறம் பிள்ளையின் படிப்பை மாற்றுமா? டென்னசி மாநிலத்தில் 1980களில் குழந்தைகளையும் டீச்சர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடந்தது. வகுப்பின் அளவைச் சோதிக்கத்தான் நடத்தினார்கள். பிற்காலத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின டீச்சரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள், அதே பள்ளியில் அப்படிப் படிக்காதவர்களைவிட, பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதமும் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதமும் கூடுதலாக இருந்தது. குலுக்கல் என்பதால் நல்ல டீச்சரைத் தேடிப் போன குடும்பங்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

அப்படியென்றால் நிறம் பார்த்து ஆள் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது. 1964இன் சிவில் உரிமைச் சட்டம் வேலை தருவதில் இனம் பார்ப்பதைத் தடை செய்கிறது. டி.கியூ.பி. சட்டத்தில் இத்தனை சதவீதம் இன்னாருக்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது. ரெசிடென்ட்டுகளைத் தேர்வு செய்யும்போது, அவர்கள் பாடம் நடத்தப்போகும் ஊரைப் பிரதிபலிப்பவர்களையும், ஆசிரியர் தொழிலில் குறைவாக இருக்கும் பிரிவினரையும் கருத்தில் கொள்ளலாம் என்று அனுமதி தருகிறது. கட்டாயமில்லை. 2022 போட்டியில் ஆசிரியர் பன்முகத்தைக் கூட்டும் திட்டங்களுக்குக் கல்வித்துறை கூடுதல் மதிப்பெண் வைத்தது. அந்த மதிப்பெண்ணும் கூட்டணியின் திட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. அரசு மாறினால் இந்த முன்னுரிமையும் மாறும், சட்டம் அப்படியே இருக்கும்.

உண்மையில் வகுப்பறை முகங்களை மாற்றுவது பெரும்பாலும் ஸ்டைபெண்ட்தான் என்பது என் கருத்து. அந்தப் பள்ளி உதவியாளரை மறுபடி நினைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் டீச்சர்களைவிட உதவியாளர்கள்தான் பல இனத்தவராக இருக்கிறார்கள். மாதாமாதம் வாடகைக்குப் பணம் வந்தால் அவர்களால் பயிற்சிக்கு வர முடியும். விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டாலும் இந்த விளைவு பெரும்பாலும் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கிராண்டும் உண்டு. அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் பெயரிலானது. வரலாற்றுரீதியாகக் கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள், பழங்குடிக் கல்லூரிகள் போன்றவற்றின் ஆசிரியர் பயிற்சித் துறைகளுக்கானது. 2008இலேயே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது, ஆனால் 2022 நிதியாண்டில்தான் முதல் பணம் வந்தது, 80 லட்சம் டாலர். சட்டத்தில் இருப்பதும் கஜானாவிலிருந்து வருவதும் வேறு வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது கற்பனை எண்கள், நடைமுறை புரிவதற்காக. ஐந்து வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் கிராண்ட். முதல் வருஷம் ஏற்பாடுகளில் போய்விடும். மீதி நான்கு வருஷம் ஆண்டுக்கு 20 ரெசிடென்ட், ஆக 80 பேர். தலைக்கு 30,000 டாலர் ஸ்டைபெண்ட் என்றால் 24 லட்சம். நிர்வாகத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம். மிச்சமிருக்கும் 25 லட்சத்தில் மென்டர்களுக்கான தொகை, ஒருங்கிணைப்பாளர் சம்பளம், இரண்டு வருஷப் பின்தொடர்தல், மதிப்பீடு. கூட்டணி தன் பங்காக 50 லட்சம் காட்ட வேண்டும். மொத்தம் 1 கோடியை 80 பேருக்கு வகுத்தால் ஒரு டீச்சருக்கு 1,25,000 டாலர்.

அதிகம்தான், மழுப்ப வேண்டியதில்லை. எதிர்த்தட்டில் வைக்க ஒன்று உண்டு: ஒரு டீச்சர் விட்டுப் போனால் புதியவரைத் தேடி, எடுத்து, பழக்க, பெரிய நகர டிஸ்ட்ரிக்ட்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒரே பணியிடத்துக்கு அதை ஐந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவை செலவு செய்யும் பள்ளிகள் உண்டு. அப்படியும் இரண்டு தட்டும் சமமாகிவிடாது. தவிர, 2023 நிதியாண்டில் டி.கியூ.பி.க்கு ஒதுக்கியது 7 கோடி டாலர், அந்நாட்டு அரசுப் பள்ளி டீச்சர்களோ முப்பது லட்சத்துக்கும் மேல். இதனால் நாடே மாறிவிடும் என்று ஆதரவாளர்கள் சொல்வதும் மிகை, நாடே கெட்டுவிட்டது என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதும் மிகை.

கிராண்ட் கிடைத்தால் பணம் கிடைத்த மாதிரியா?

ஐந்து வருஷ கிராண்ட் என்றதும் மொத்தப் பணமும் கல்லூரி வங்கிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வருஷா வருஷம் தொடர அனுமதி வேண்டும். அந்த வருஷத்துப் பணமும் செலவுக்கேற்ப அரசுக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.

2025 பிப்ரவரி அறிவிப்பு அப்படி ஒரு கல்வியாண்டின் நடுவே வந்தது. டி.கியூ.பி.யும், சீட் (SEED) என்ற இன்னொரு ஆசிரியர் பயிற்சித் திட்டமும் சேர்த்து 109 கிராண்டுகளில் 104 ரத்தாயின. பிளவை உண்டாக்கும் கொள்கைகளுக்குப் பணம் போகிறது, அரசின் புதிய முன்னுரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்பது கல்வித்துறையின் வாதம். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் உட்பட எட்டு மாநிலங்கள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றம் ரத்துக்குத் தற்காலிகத் தடை விதித்தது. ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ரத்து செய்தது சரியா தவறா என்பதை நீதிமன்றம் தீர்க்கவில்லை. கிராண்ட் என்பது அரசோடு செய்த ஒப்பந்தம் போன்றது, ஒப்பந்தப் பணம் கேட்கிறவர்கள் அதற்கென்று இருக்கும் தனி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதே பெரும்பான்மையின் பார்வை. நிபந்தனையோடு வரும் பணம் என்று மேலே சொன்னதன் இன்னொரு முகம் இது. நிபந்தனை இரு பக்கமும் உண்டா, கொடுப்பவர் எப்போது கையை இழுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட பணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று சில மாநிலங்கள் முன்பே வேறு வழி பார்த்துவிட்டன. 2022 ஜனவரியில் டென்னசி, டீச்சர் வேலையை எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலை போல அப்ரென்டிஸ் தொழிலாக மத்தியத் தொழிலாளர் துறையிடம் பதிவு செய்தது. நாட்டில் அதுதான் முதல். கிளார்க்ஸ்வில் மாண்ட்கோமரி டிஸ்ட்ரிக்ட்டும் ஆஸ்டின் பீ பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. பயிற்சி பெறுகிறவர் முதல் நாளிலிருந்தே டிஸ்ட்ரிக்ட்டின் ஊழியர், மாதச் சம்பளக்காரர். பள்ளி உதவியாளராக இருந்துகொண்டே படித்து டீச்சர் ஆகலாம். பிற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் அவர்களுக்கும் எங்கிருந்தாவது ஒரு கிராண்ட் வேண்டியிருக்கிறது.